லோன்ல போன நம்ம யுனைடெட் பசங்க எப்படி ஆடுறாங்க? ரெகுலரா பாக்குறவங்க சொல்லுங்க (2025 நவம்பர்)

சிவப்புச்சட்டை_88

எல்லாருக்கும் வணக்கம். மேன் யுனைடெட் மேட்ச் மட்டும்தான் எனக்கு முழுசா பாக்க முடியுது, அதுக்கே ராத்திரி கண்ணு முழிக்க வேண்டியிருக்கு, இதுல பார்சிலோனா, நாப்போலி, டிராப்ஸன்ஸ்போர்னு எல்லாத்தையும் தேடிப் பாக்க எங்க நேரம். அதனால லோன்ல, அதாவது வேற கிளப்புக்கு இரவலா, போனவங்களைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெண்டு நிமிஷ கிளிப்தான். செப்டம்பர்ல ராஷ்ஃபோர்ட் பார்சிலோனாவுக்காக நியூகாசில் கிரவுண்ட்லயே ரெண்டு கோல் போட்டதைப் பாத்தேன், ரெண்டாவது கோல் தூரத்துல இருந்து அடிச்சது கிராஸ்பார்ல பட்டு உள்ள போச்சே, அதைப் பாத்துட்டு சந்தோஷப்படுறதா வயிறு எரியுறதான்னே புரியல. பத்து வயசுக்கு முன்னாடியே நம்மகிட்ட வந்த பையன், இப்போ வேற ஜெர்ஸில.

எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். ஒண்ணு, இவங்கள்ல யாரு நெஜமாவே முன்னேறிட்டு இருக்காங்க, யாரு கிளிப்ல மட்டும் நல்லா தெரியுறாங்க. ரெண்டாவது நம்ம லெஃப்ட் பேக் (இடது பக்க டிஃபெண்டர்) ஹாரி அமாஸ். அவன் லோன்ல இருக்குற ஷெஃபீல்ட் வெட்னஸ்டே கடன்ல மூழ்கி நிர்வாகத்துக்குள்ள (administration) போயி 12 பாயின்ட் வெட்டிட்டாங்க, டேபிள்ல மைனஸ்ல நிக்கிறாங்க. 18 வயசுப் பையனை இந்த மாதிரி ஒரு இடத்துல விட்டு வச்சிருக்குறது சரியா? எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

ஸ்ட்ரெட்ஃபோர்ட்வாசல்

நண்பா, முதல்ல ஒண்ணு பிரிச்சுக்கணும். நாம எல்லாத்தையும் லோன்னு ஒரே பேர்ல சொல்றோம், ஆனா வளர்றதுக்காக அனுப்புற லோன் வேற, விக்கிறதுக்காக அனுப்புற லோன் வேற. ராஷ்ஃபோர்ட், ஹொய்லுண்ட், சான்சோ, ஒனானா நாலு பேருமே ரெண்டாவது வகை. அவங்க அங்க நல்லா ஆடினா நமக்குக் கிடைக்கப் போறது பணம்தான், ஆள் இல்ல. இதை மனசு ஏத்துக்கிட்டா பாக்குறதுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.

ராஷ்ஃபோர்டை நான் கிட்டத்தட்ட எல்லா மேட்ச்சும் பாக்குறேன். நியூகாசில் மேட்ச் சும்மா ஒரு நாள் கூத்து இல்ல. ராஃபின்யா காயம் பட்டு வெளிய போனதுக்கு அப்புறம் லெஃப்ட் சைட்ல தொடர்ந்து எடம் கிடைச்சுது, அக்டோபர்ல ஒலிம்பியாகோஸை 6-1ன்னு அடிச்சப்ப அதுலயும் ரெண்டு கோல். ஆனா நான் கோலை மட்டும் பாக்கல. கார்னரும் ஃப்ரீகிக்கும் அவர்கிட்ட குடுக்குறாங்க, பந்து வர்றதுக்கு முன்னாடியே பின்னாடி இருக்குற எடத்தைப் பாத்து ஓடுறாரு, தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கிற அந்தப் பழைய காட்சி ரொம்பக் குறைஞ்சிருக்கு. பிரெஸ் பண்றதுல, அதாவது எதிராளியைத் துரத்திப் பந்தைப் பறிக்கிறதுல, இன்னும் அரை மனசுதான், ஃப்ளிக் மாதிரி ஒரு கோச்சுக்கு அது பத்தாது, டிஃபென்ஸை அவ்வளவு முன்னாடி ஏத்தி வச்சு ஆடுற டீம்ல முன்னாடி ஒருத்தர் நடந்தா பின்னாடி மொத்தமும் கிழிஞ்சிடும். பார்சாவுக்கு சுமார் 30 மில்லியன் யூரோல வாங்கிக்கிற ஆப்ஷன் இருக்கு, ஆப்ஷன்தான், கட்டாயம் இல்ல. அவங்க பண நிலைமை நமக்குத் தெரியும். அதனால சீசன் கடைசி வரைக்கும் இது இழுபறிதான்.

ஸ்ட்ரைக்கர் ஹொய்லுண்ட் கதை எனக்கு இன்னும் பிடிச்சிருக்கு. அவங்க ஸ்ட்ரைக்கர் லுகாக்கு ஆகஸ்ட்ல காயமானதாலதான் நாப்போலி அவசரமா இவரைக் கூப்பிட்டாங்க. முதல் மேட்ச் ஃபியோரென்டினா, அதுலயே கோல். அப்புறம் சாம்பியன்ஸ் லீக்ல ஸ்போர்ட்டிங் மேல ரெண்டு, ரெண்டுக்கும் பாஸ் குடுத்தது டி ப்ருய்னே. அந்த ரெண்டு பாஸையும் தேடிப் பாருங்க, தயவு செஞ்சு பாருங்க. இதே ஓட்டத்தைத்தான் அந்தப் பையன் நம்ம டீம்லயும் ரெண்டு வருஷமா ஓடினான், பந்து மட்டும் வரல. போன சீசன் லீக்ல 4 கோல்தான்னு எல்லாரும் திட்டினோம், எத்தனை பாஸ் குடுத்தோம்னு யாரும் எண்ணல. நாப்போலி சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி வாங்கிட்டா 44 மில்லியன் யூரோ குடுத்து கட்டாயம் வாங்கணும்னு ஒப்பந்தம், போன வருஷ சாம்பியன் அவங்க, அதனால இவரு திரும்பி வர்ற வாய்ப்பு கம்மிதான்.

கையுறை_ஒண்ணு

நம்ம கீப்பர் ஒனானாவைப் பத்தி யாரும் பேசல, நான் பேசுறேன். க்ரிம்ஸ்பிங்கிற சின்ன கிளப் கிட்ட பெனால்டில 12-11ன்னு தோத்த அந்த ராத்திரியோட எல்லாரும் அவரைக் கணக்குலயே எடுக்குறதில்ல. டிராப்ஸன்ஸ்போருக்குப் போன உடனே முதல் மேட்ச்சே ஃபெனர்பாச்சே கூட, அவங்க கிரவுண்ட்ல. 1-0ன்னு தோத்தாங்க, ஆனா அன்னைக்கு எட்டு சேவ். அதுக்கப்புறமும் கோல் போஸ்ட்டுல நிரந்தரமா அவர்தான், டீமும் மேல மூணு எடத்துக்குள்ளயே சுத்திட்டு இருக்கு.

ஆனா ஒரு கோல் கீப்பரா நான் பாக்குறது வேற. இங்க இருந்தப்ப அவர் கிராஸுக்கு வெளிய வர்றதா வேண்டாமான்னு பாதியிலயே நின்னுடுவாரு, அந்த அரை செகண்ட் தயக்கம்தான் நம்மளைக் கொன்னுச்சு. அந்தத் தயக்கம் இப்போ கொஞ்சம் கொறஞ்ச மாதிரி தெரியுது, அங்க கூட்டம் அவரைக் கொண்டாடுது, அது ஒரு கீப்பருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு கிளவுஸ் போட்டவங்களுக்குத்தான் தெரியும். ஆனா அவங்களுக்கு வாங்குற ஆப்ஷன் எதுவும் இல்ல, 2028 வரைக்கும் நம்ம கான்ட்ராக்ட் இருக்கு. புது கீப்பர் லாமன்ஸ் வந்து சண்டர்லாண்ட் மேட்ச்ல இருந்து எடத்தைப் பிடிச்சுட்டாரு. கோடையில ஒனானா திரும்பி வந்து நிப்பாரு, அப்போ என்ன பண்றதுன்னு இப்பவே யாராவது யோசிச்சு வச்சா நல்லது.

இடதுபேக்

அமாஸ் கேள்விக்கு வரேன், இந்தத் திரெட்ல எனக்கு முக்கியமானது அதுதான்.

பையன் 2023ல வாட்ஃபோர்ட்ல இருந்து நம்ம அகாடமிக்கு வந்தான், போன மார்ச்ல லெஸ்டர் மேட்ச்ல கோச் அமோரிம் முதல் வாய்ப்பு குடுத்தாரு. செப்டம்பர் 1, கடைசி நாள்ல வெட்னஸ்டேக்கு லோன். நிலைமை மோசம்தான், சம்பளமே சொன்ன தேதிக்கு வராத கிளப், சீனியர் ஆளுங்க நெறைய பேர் கோடையிலயே கிளம்பிட்டாங்க, மிச்சம் இருக்குறது சின்னப் பசங்க, அக்டோபர் 24ல நிர்வாகம், 12 பாயின்ட் போச்சு, கையில இருந்த 6 போயி மைனஸ் 6. இதைப் படிச்சா யாருக்கும் பயமாத்தான் இருக்கும்.

ஆனா அவன் ஆடுறான். வாரா வாரம் ஆடுறான். செவ்வாய் சனி செவ்வாய் சனின்னு சாம்பியன்ஷிப்ல (இங்கிலாந்தோட ரெண்டாம் டிவிஷன்) மேட்ச் வரும், மூச்சு விட நேரம் இருக்காது, 46 லீக் மேட்ச். பந்து எப்பவும் எதிர் டீம் கிட்டதான் இருக்கு, அதனால லெஃப்ட் சைட்ல ஒவ்வொரு மேட்ச்சும் ஒரு வளந்த ஆம்பளை விங்கர் அவன் மேல ஓடி வர்றான். ஜெயிக்கிற அண்டர்-21 டீம்ல ஆடுறப்ப இதைக் கத்துக்கவே முடியாது, அங்க லெஃப்ட் பேக் பாதி மேட்ச் எதிர் பாக்ஸுக்குப் பக்கத்துலயே நிப்பான். அமாஸுக்கு பந்தோட போறது எப்பவுமே வரும், முதுகுக்குப் பின்னாடி வர்ற ஆளைப் பாக்குறதுதான் வராது. இப்போ அதையே தினமும் பரீட்சை மாதிரி எழுதிட்டு இருக்கான். சில மேட்ச்ல அடி வாங்குறான், அடுத்த மேட்ச்ல அதே தப்பு திரும்ப வரல, நான் பாத்த வரைக்கும்.

நம்ம விங்கர் அமாத் ஞாபகம் இருக்கா? 2022 ஜனவரில ரேஞ்சர்ஸுக்கு அனுப்பினாங்க, முதல் மேட்ச்ல கோல், ரெண்டு வாரம் கூட ஆகல, செல்டிக் கிரவுண்ட்ல பாதி நேரத்துலயே வெளிய எடுத்துட்டாங்க, அதோட எடம் போச்சு. பெரிய கிளப், ஒவ்வொரு மேட்ச்சும் ஜெயிச்சே ஆகணும், கத்துக்க யாரு நேரம் குடுப்பா? அடுத்த சீசன் சண்டர்லாண்ட் போனான், தப்பு பண்ண விட்டாங்க, 14 கோல். ரெண்டு லோனுக்கும் நடுவுல பையன் மாறல, எடம்தான் மாறுச்சு.

இன்னொரு கதை, இது கொஞ்சம் வலிக்கும். ஆல்வாரோ ஃபெர்னாண்டஸ், இதே லெஃப்ட் பேக், ப்ரெஸ்டன்ல லோன்ல இருந்தப்பவே பிரமாதம். நாம க்ரனாடாவுக்கு அனுப்பினோம், அப்புறம் பென்ஃபிகாவுக்கு, அவங்க சின்னக் காசுக்கு வாங்கினாங்க. இந்தக் கோடையில ரியல் மாட்ரிட் அவரை 50 மில்லியன் யூரோ குடுத்துத் தூக்கிட்டுப் போச்சு. கரேராஸ்னு இப்போ நீங்க பாக்குறது அவரைத்தான். லோன் நல்லாத்தான் நடந்துச்சு, அதைப் பாத்து முடிவெடுக்க வேண்டியவங்க நம்ம பக்கம் சரியா எடுக்கல. அதனாலதான் அமாஸ் மேட்ச்சை நான் ஒண்ணு விடாம பாக்குறேன்.

சிவப்புச்சட்டை_88

அமாஸ் பத்தி சொன்னதுக்கு ரொம்ப நன்றி, மனசு கொஞ்சம் லேசாச்சு. ஆனா அந்த கிளப் இன்னும் மோசமானா ஜனவரில திரும்பக் கூப்பிட முடியுமா? அப்புறம் ஆஸ்டன் வில்லால லோன்ல இருக்குற சான்சோவை யாரும் சொல்லல. டிசம்பர் 21 வில்லா மேட்ச்ல நமக்கு எதிரா ஆடுவாரா?

ஸ்ட்ரெட்ஃபோர்ட்வாசல்

ஆட முடியாது. பிரீமியர் லீக்ல லோன்ல போனவர் தன்னோட சொந்த கிளப்புக்கு எதிரா ஆடக் கூடாதுன்னு ரூல். வெளிநாட்டு கிளப்னா அந்தத் தடை இல்ல, ஒப்பந்தத்துல எழுதினாத்தான் உண்டு. 2020ல பார்சாவோட கூட்டினியோ பயர்ன்ல லோன்ல இருந்துக்கிட்டே பார்சா மேல கடைசி நேரத்துல வந்து ரெண்டு கோல் போட்டாரே, அந்த 8-2.

சான்சோ பத்தி எழுதவே கை வரல. இது மூணாவது லோன். டார்ட்மண்ட் திரும்பப் போயி 2024ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரைக்கும் ஆடினாரு, அடுத்து செல்சி, கான்ஃபரன்ஸ் லீக் ஃபைனல்ல கோலும் போட்டாரு, அப்படியும் செல்சி 5 மில்லியன் பவுண்ட் அபராதம் கட்டிட்டு வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. இப்போ வில்லால மேன் சிட்டி மேட்ச்ல முதல் பாதியிலயே சப்ஸ்டிட்யூட்டா இறங்கினவரை மேட்ச் முடியறதுக்கு முன்னாடியே கோச் எமரி திரும்ப வெளிய எடுத்துட்டாரு. 25 வயசு. 17 வயசுல டார்ட்மண்ட்ல அவரைப் பாத்தவங்களுக்கு இது தாங்காது.

ஜனவரில கூப்பிடுறது ஒப்பந்தத்துல ரீகால் கிளாஸ் இருக்கான்றதைப் பொறுத்தது. சின்னப் பசங்களுக்குப் பெரும்பாலும் அதைப் போட்டுத்தான் அனுப்புவாங்க.

பழைய_ஏழாம்நம்பர்

ஸ்ட்ரெட்ஃபோர்ட்வாசல் சொன்னதுல ஒரு எடத்துல எனக்கு ஒத்துப் போகல. வளர்றதுக்கு ஒரு லோன், விக்கிறதுக்கு ஒரு லோன்னு இவ்வளவு சுலபமா கோடு போட முடியாது. நம்ம பழைய ஆளு லிங்கார்டை நினைச்சுப் பாருங்க. 2021ல வெஸ்ட் ஹாம் போயி 16 மேட்ச்ல 9 கோல். அது விக்கிற லோன்னுதான் எல்லாரும் சொன்னோம். நல்ல விலை வந்தப்ப விக்கல, வச்சுக்கிட்டோம், வச்சுக்கிட்டு ஆட வைக்கவும் இல்ல, லீக்ல ஸ்டார்ட் பண்ணதை ஒரு கைவிரல்ல எண்ணிடலாம், அடுத்த வருஷம் காசே வாங்காம அனுப்பினோம். லோன்ல அவர் முன்னேறினாரு, திரும்பி வந்த எடத்துல அதுக்கு ஒரு நாற்காலி இல்ல.

பெக்காம் 1995ல ப்ரெஸ்டன் போனப்ப கிளப் தன்னைக் கழட்டி விடுதோன்னு பயந்ததா அவரே சொல்லியிருக்காரு. அஞ்சு மேட்ச், ரெண்டு கோல், அதுல ஒண்ணு கார்னர்ல இருந்து நேரா உள்ள. அந்த அஞ்சு மேட்ச்சுல மூணாம் டிவிஷன் டிஃபெண்டருங்க கிட்ட அடி வாங்கிட்டு திரும்பி வந்தவரை ஃபெர்குசன் அடுத்த சீசனே டீம்ல போட்டாரு. ஜோனி எவன்ஸ் சண்டர்லாண்ட்ல ராய் கீன் கிட்ட ஆடி சாம்பியன்ஷிப் ஜெயிச்சுட்டு வந்தாரு, அவருக்கும் எடம் இருந்துச்சு. ராஷ்ஃபோர்ட் நமக்கு 138 கோல் போட்டவர், மிட்ஜிலாண்ட் மேட்ச்ல 18 வயசுல வந்த அந்த ராத்திரி எனக்கு இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. பார்சா ஆப்ஷனை எடுக்கலைன்னா அவர் திரும்பி வரட்டும், பேசட்டும். 28 வயசுதான் ஆகுது. கதவை நாமளே முன்கூட்டியே சாத்த வேண்டாம்.

ஸ்ட்ரெட்ஃபோர்ட்வாசல்

லிங்கார்ட் விஷயத்துல நீங்க சொல்றது சரி, அதை நான் யோசிக்கல. ராஷ்ஃபோர்ட் விஷயத்துல மட்டும் மனசு மாறல, அமோரிமோட இந்த 3-4-3 அமைப்புல அவருக்குப் பிடிச்ச அந்த லெஃப்ட் விங் எடமே கிடையாது. ஓரத்து லைன்ல நிக்கணும்னா டிஃபென்ஸும் பாத்துக்குற விங் பேக்கா நிக்கணும், இல்லன்னா உள்ள வந்து ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடுற நம்பர் 10. பார்சால அவர் ஜொலிக்கிறதே அந்த லைன் பக்கத்துலதான்.

இடதுபேக்

அந்த விங் பேக் எடத்துக்குத்தான் அமாஸ். இப்போ டோர்குவும் டாலோவும் மாத்தி மாத்தி ஆடுறாங்க, டாலோவுக்கு அது வலது கால்காரன் இடது பக்கம். சிவப்புச்சட்டை நண்பா, நேரம் கிடைச்சா வெட்னஸ்டே மேட்ச்ல ஒரு இருபது நிமிஷமாவது பாருங்க, பந்தைப் பாக்காதீங்க, பந்து வலது பக்கம் இருக்குறப்ப அவன் எங்க நிக்கிறான்னு மட்டும் பாருங்க. செப்டம்பர்ல தூரமா லைன்லயே நிப்பான், இப்போ உள்ள வந்து சென்டர் பேக்குக்குப் பக்கத்துல நிக்கிறான். சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் இங்கயே எழுதுறேன்.