மரப்பாச்சி காலை நாய்க்குட்டி கடிச்சிருச்சு, சரி பண்ண ஆள் வேணும்

பொண்ணோட மரப்பாச்சி காலை எங்க நாய்க்குட்டி கடிச்சு குதறிருச்சுங்க, போன ஞாயித்துக்கிழமை. செம்மரம், ஒரு சாண் உயரம், மாமியார் கல்யாண சீர்ல வந்த ஜோடில பொம்பள பொம்மை. குட்டிக்கு நாலு மாசம், பல்லு மாத்துற நேரம், கிடைச்சதெல்லாம் கடிக்குது. வலது பாதம் பாதி இல்ல, சிராய் நிக்குது.

உப்புத்தாள் போட்டு தேச்சாச்சு, மரத்தூள வெள்ளை கம்முல கொழச்சு பூசுனேன், ஆனா எங்க பொண்ணு மேடம் தினமும் பொம்மைய குளிப்பாட்டுவாங்களே, ஊறி உதிர்ந்துருச்சு. பக்கத்துல இருக்க ஆசாரி புதுசு வாங்கிக்கோங்கன்னுட்டார், வாங்கியும் கொடுத்தோம், அத தூக்கி நாய்கிட்டயே போட்டுட்டா. எம்-சீல் (ஓட்டை அடைக்கிற கெமிக்கல் பசை) வைக்கலாம்னா பொண்ணுக்கு மூணு வயசுதான், இன்னும் வாய்ல வைக்கிறா.

மதுரை பக்கம் செம்மரத்துலயே பாதம் செஞ்சு, பெயின்ட் பாலிஷ் எதுவும் இல்லாம ஒட்டு போட்டுத் தர்ற ஆசாரி யாராவது தெரியுமா?