நஞ்சூறாப் பூஞ்சை சரிவருமா?

தானியத்தில் நஞ்சேற்றும் பூஞ்சைகள் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் சொன்ன தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். மைக்கோடாக்சினுக்கு, அதாவது பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு, 'பூஞ்சை நஞ்சு' என்ற சொல்லில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். பாம்பு விஷம் என்றால் பாம்பிடம் இருப்பது, எலி விஷம் என்றால் எலிக்கு வைப்பது; பூஞ்சை நஞ்சை எந்தப் பக்கம் சேர்ப்பது? ஆனாலும் அது பரவிவிட்டது, விட்டுவிடலாம். அஃப்லாடாக்சினையும் அப்படியே ஒலிபெயர்ப்போம். 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைச் சந்தேகித்துத் தேடியபோது அகப்பட்ட நஞ்சு அது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரை வெட்டி ஒட்டி வைத்த பெயரை எப்படி மொழிபெயர்ப்பது?

இப்போது சொல் தேவைப்படுவது அட்டாக்சிஜெனிக்குக்கு, அதாவது அதே பூஞ்சையில் நஞ்சை உண்டாக்காத வகைக்கு. 'நச்சற்ற பூஞ்சை' என்று சொன்னீர்கள். அதைப் படித்ததும் எனக்குச் சமைக்கிற காளான்தான் நினைவுக்கு வந்தது. 'நச்சுமுறிப் பூஞ்சை' அதைவிடத் தவறு, ஏனென்றால் இது எதையும் முறிப்பதில்லை. தானியத்தில் ஏறிவிட்ட அஃப்லாடாக்சின் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது. தீவனத்துக்கு அம்மோனியா ஏற்றி நஞ்சைச் சிதைக்கிறார்களே, 'முறிப்பு' அதற்கு இருக்கட்டும்.

இந்தப் பூஞ்சையின் வேலையே வேறு. முளைக்காதபடி வறுத்த சோளத்தின்மேல் அதன் வித்துகளைப் பூசி, மக்காச்சோளம் பூக்க இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது ஹெக்டேருக்கு 10 கிலோ கணக்கில் வயலில் இறைக்கிறார்கள். மண்ணின் ஈரம் பட்டதும் ஒவ்வொரு சோளமணியும் பச்சையாகப் பூத்துப்போய், அந்த வித்துகள் காற்றில் பறந்து கதிரை முதலில் பிடித்துக்கொள்கின்றன. துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான், பின்னால் வருகிற நஞ்சுக்காரனுக்கு உட்கார இடமில்லை. இப்படி முந்தி இடம்பிடிப்பதை ஆங்கிலத்தில் காம்பெடிட்டிவ் எக்ஸ்க்ளூஷன் என்கிறார்கள். அதைப் 'போட்டி விலக்கம்' என்றால் தேர்வுத்தாள் வாசம் அடிக்கிறது, 'இடமுந்தல்' என்று வைத்தால் நடப்பதை அப்படியே சொல்லிவிடும்.

ஆக, அட்டாக்சிஜெனிக்குக்கான சொல்லுக்குள் ஒரு வினை இருக்கவேண்டும். 'நஞ்சீனா' என்று முதலில் நினைத்தேன், ஈனாதது என்ற பொருளில். இலக்கணம் சுத்தம்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் சீனா வந்து நிற்கிறது! அப்புறம் பிடித்தது 'நஞ்சூறா'. நஞ்சூறும் பூஞ்சை, நஞ்சூறாப் பூஞ்சை என்று எதிரும் புதிருமாக நிற்கும், குழப்பமில்லை.

ஸ்ட்ரெயினுக்கு, அதாவது ஒரே இனத்துக்குள் இருக்கும் தனித்தனி வகைக்கு, மட்டும் தயவுசெய்து 'இனம்' போடாதீர்கள். ஊறுவதும் ஊறாததும் ஒரே இனம், அதனால்தான் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார முடிகிறது. நான் இப்போதைக்குக் 'கால்வழி' என்று எழுதுகிறேன், இதைவிட நல்லதாக யாராவது கொடுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.