புதுப்பிப்பு: எண்ணெய் குடித்த ஃபயர்வால் பிழைத்துவிட்டது

என் க்ளோ எஞ்சின் ட்ரெய்னரில் (மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும், ரிமோட்டில் பறக்கவிடும் பயிற்சி மாடல் விமானம்) எஞ்சின் மாட்டும் ப்ளைவுட் பலகையான ஃபயர்வால் எரிபொருள் குடித்துக் கறுத்து, எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ஆட்டம் கண்டதைப் போன மாதம் எழுதியிருந்தேனே, அது சரியாகிவிட்டதுங்க.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டால்கம் பவுடரைக் கெட்டியாக அப்பி, ஹேர் ட்ரையரில் மெதுவாகச் சூடு காட்டினேன். மரத்தில் ஊறியிருந்த விளக்கெண்ணெய் மஞ்சள் திட்டுத் திட்டாகப் பவுடரில் ஏறி வந்தது, தட்டிவிட்டு மறுபடி அப்பி, இப்படி நான்கு தடவை. அப்புறம் அசிட்டோனில் துடைத்து (ட்ரையரைத் தூர வைத்துவிட்டுத்தான்), ஒரு நாள் காயவிட்டு 30 நிமிட எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து பூசும் பசை, 30 நிமிடம் என்பது இறுகும் நேரம்). 5 நிமிட எபாக்ஸி வேண்டாம், மரத்துக்குள் இறங்கும் முன்னே இறுகிவிடும், அதுவும் பொள்ளாச்சி வெயிலில் கேட்கவே வேண்டாம். முன்பு அடித்திருந்த ஸ்ப்ரே பெயிண்ட் எரிபொருளின் மெத்தனாலில் கரைந்து கையோடு வந்துவிட்டது.

முக்கியமான இடம் துளைகள்தான். திருகுத் துளை, டேங்க் குழாய் நுழையும் ஓட்டை, எல்லாவற்றின் உட்சுவரிலும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் எபாக்ஸி தடவினேன். டேங்க் அறை, இறக்கை உட்காரும் விளிம்பையும் விடவில்லை.

ஞாயிறு காலை ஆறு முறை பறக்கவிட்டுக் கழற்றிப் பார்த்தேன். துடைத்த துணியில்தான் எண்ணெய், மரம் வெளுப்பாகவே இருக்கிறது.