கல்ச்சர் முடிவு வார்டுக்குப் போய்ச் சேரும் வரை

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பணிபுரியும் உறுப்பினரின் பகிர்வு:

ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போவதைப் பற்றிய நம் குழுவின் இந்த விவாதத்தில் பெரும்பாலோர், மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் மருத்துவமனைக்குள் நடப்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான், மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்க்கும் நம் நாட்டு முயற்சி எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது என்பது விளங்கும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் இத்தகைய கிருமிகளுக்கான கண்காணிப்பு வலையமைப்பைத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் தேசியச் செயல்திட்டம் வெளியானது. ஆய்வகத்துக்குள் இருப்பவர்களுக்கு அதன் பயன் நன்றாகவே தெரியும். மருந்து தோய்த்த சிறு சோதனை வட்டுகளின் தரத்தை நிலையான கிருமி வகைகளைக் கொண்டு தவறாமல் சோதிப்பதும், ஒவ்வொரு முடிவையும் ஹூநெட் மென்பொருளில் பதிவதும் இப்போது எங்கள் அன்றாட வேலையாகிவிட்டன. இவ்வளவு கவனமாகத் திரட்டும் கல்ச்சர் முடிவு, அதாவது நோயாளியின் மாதிரியில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்குகிறது என்ற தகவல், மருந்து எழுதும் கைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா என்பதுதான் என் கவலை.

ஒருமுறை பயிற்சி மருத்துவர் ஒருவர் சிறுநீர்க் கல்ச்சர் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். "மேடம், செஃப்ட்ரையாக்சோன் ஊசி போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், நீர்க்கடுப்பு குறையவே இல்லை. இந்த ரிப்போர்ட் சரிதானா?" என்று கேட்டார். நோயாளி சர்க்கரை நோயுள்ள பெண்மணி. நான் பதில் சொல்வதற்குப் பதிலாக கிருமி வளர்க்கும் அகார் தட்டையே எடுத்து அவரிடம் கொடுத்தேன். வெளிர்மஞ்சள் பரப்பில் ஈ.கோலை என்ற கிருமி படர்ந்திருந்தது, செஃப்ட்ரையாக்சோன் வட்டின் விளிம்பு வரை இடைவெளியே இல்லாமல் ஒட்டி வளர்ந்திருந்தது. அதே தட்டில் நைட்ரோஃபியூரன்டாயின் வட்டைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத தெளிவான வளையம் இருந்தது. "இது மிகப் பழைய மாத்திரை ஆயிற்றே மேடம்" என்றார். பழையதாக இருந்தாலும் சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்கு அது போதுமானது என்று விளக்கினேன். காய்ச்சல் இருந்தாலோ, தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தாலோ, சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலோ அந்த மாத்திரை உதவாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். உலகச் சுகாதார நிறுவனம் 2017 முதல் வெளியிடும் ஆன்டிபயாடிக் வகைப்பாட்டில், நைட்ரோஃபியூரன்டாயின் முதலில் நாடத்தக்க பிரிவிலும், செஃப்ட்ரையாக்சோன் கவனத்துடன் கையாள வேண்டிய பிரிவிலும் வைக்கப்பட்டுள்ளன. அந்தப் பிரிவுகளைப் பாடத்தில் படித்திருந்த அவர், தட்டைப் பார்த்த பிறகு ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாறினார்.

இதைவிட என்னை அதிகம் வருத்துவது ரத்தக் கல்ச்சர்தான். முதல் ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. இருந்தும், மருந்து ஏறிய பிறகு எடுக்கப்பட்ட ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது. மருந்து கிருமியை அடக்கிவிடுவதால் 'வளர்ச்சி இல்லை' என்று அறிக்கை போகிறது. எந்தக் கிருமி என்று தெரியாததால் மெரோபெனம் போன்ற வலுவான மருந்து வரை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஆய்வகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு, இரவுப் பணியில் இருப்பவர் கைக்கெட்டும் இடத்தில் கல்ச்சர் குப்பி இருப்பதையும் திட்டம் உறுதிசெய்ய வேண்டும்.

மருந்தாளுநராக இருக்கும் உறுப்பினரின் பகிர்வு:

மேடம் சொன்னதற்குக் கடைப்பக்கத்திலிருந்து சிறிது சேர்க்கிறேன். 2013-இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை என்ற மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலின்படி, செஃபிக்சைம், லெவோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆனால் மக்கள் பெயர் சொல்லியே கேட்டு வாங்கும் அசித்ரோமைசின் அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அதற்கும் சீட்டு கட்டாயம்தான். பதிவேடு மட்டும் இல்லை. சளி பிடித்த குழந்தைக்கு அதைக் கேட்டு வந்த ஒரு தாயிடம், சீட்டு வேண்டும் என்பதைக் குறிக்க அட்டையிலுள்ள சிவப்புக் கோட்டைக் காட்டி, மருத்துவரைப் பார்க்காமல் தர இயலாது என்றேன். "அதற்கு அரை நாள் கூலி போய்விடும் அண்ணா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருத்துவர் இல்லாத ஊர்கள் நிறைந்த நாட்டில் சீட்டில்லா விற்பனைக்கு ஒரே நாளில் முழுத் தடை சாத்தியமில்லை, படிப்படியாகத்தான் இறுக்க வேண்டும் என்று 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் வாதிட்டதும் இதனால்தான்.

கேரளம் 2018-இல் மாநிலச் செயல்திட்டம் வகுத்து, 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கடைகளில் திடீர்ச் சோதனைகளையும் தொடங்கியது. நான் கண்ட சோதனைகளில் பதிவேட்டில் வரிகள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டுமே பார்த்தார்கள். மொத்த விற்பனையாளரிடமிருந்து வந்த கொள்முதல் ரசீதை அந்த வரிகளோடு ஒப்பிட்டால், சீட்டில்லாமல் எத்தனை அட்டைகள் போயின என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அந்த ஒப்பீட்டை ஒவ்வொரு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.