இணைய கேசினோவில் பணம் போடுவதற்கு முன் எதைப் பார்த்து நம்புவது?

குரோய்டன்வாசி கேட்டது:

நண்பர்களுக்கு வணக்கம். நான் லண்டனின் தெற்கே குரோய்டனில் வசிக்கிறேன். சென்ற கோடையில் அலுவலகத் தோழர்களுடன் ஒரு கேசினோவுக்குப் போய், சக்கரத்தைச் சுழற்றி ஆடும் ரூலெட் மேசையில் இருபது பவுண்டை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தேன். இருபதும் போய்விட்டது, ஆனாலும் அந்தப் பொழுது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டிலிருந்தே மாதம் முப்பது பவுண்டுக்கு மேல் போகாமல் எப்போதாவது ஆடலாம் என்று எண்ணித் தேடினால், ‘நம்பகமான பத்துத் தளங்கள்’ என்று ஏராளமான பட்டியல்கள் வருகின்றன. ஒவ்வொரு பட்டியலிலும் வேறு வேறு பத்து. ஒரு தளம் மால்டா உரிமம் என்கிறது, இன்னொன்று கரீபியன் தீவான குராசோவின் உரிமம் என்கிறது, மூன்றாவது பிரிட்டன் உரிம எண்ணைக் காட்டுவதோடு, போட்ட பணத்துக்கு 400 சதவீதம் போனஸ் தருவதாகவும் சொல்கிறது. பணம் போட்டால் திரும்ப எடுக்க முடியுமா, ஆட்டம் நேர்மையானதா என்பதை ஒரு சாதாரண ஆள் எப்படிச் சரிபார்ப்பது? ஆடவே வேண்டாம் என்று சொல்ல நினைப்பவர்களின் அக்கறை புரிகிறது. அதை என் மனைவி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

பழைய விதிப்புத்தகம் எழுதியது:

நான் சில ஆண்டுகள் ஒரு சூதாட்ட நிறுவனத்தில், விதிகளை நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் பிரிவில் வேலை செய்தவன். முதலில் அந்தப் பட்டியல்களை மறந்துவிடுங்கள். அவற்றை நடத்துபவர்களில் பலர், தாங்கள் அனுப்பிவைக்கும் ஆட்டக்காரர் தோற்கும் பணத்தில் ஒரு பங்கைத் தளத்திடமிருந்து பெறுகிறவர்கள். எந்தத் தளம் அதிகப் பங்கு தருகிறதோ அது முதலிடத்துக்கு வந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தளம் என் பணத்தைத் தர மறுத்தால், நான் வாழும் நாட்டில் அதன் கையைப் பிடித்துக் கேட்கக்கூடியவர் யார்? நீங்கள் பிரிட்டனில் இருப்பதால் விடை எளிது. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின்கீழ் அமைந்த சூதாட்ட ஆணையம்தான் அது. 2014 நவம்பர் முதல், நிறுவனம் உலகின் எந்த மூலையில் இருந்தாலும், பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஆட்டம் நடத்த இந்த ஆணையத்தின் உரிமம் கட்டாயம். ஆகவே மால்டா உரிமம் மட்டும் வைத்திருக்கும் தளம் மால்டாவில் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், உங்களைச் சேர்த்துக்கொள்ளும் அந்தக் கணத்திலேயே இந்நாட்டுச் சட்டத்தை மீறுகிறது. குராசோவைப் பொறுத்தவரை, நெடுங்காலம் நான்கு தலைமை உரிமதாரர்கள் கீழே துணை உரிமங்களை வாரி வழங்கிவந்தார்கள். 2024 டிசம்பரில் புதிய சட்டம் வந்து அந்த முறையை மாற்றியிருக்கிறது. அது நல்ல மாற்றமாகவே இருக்கட்டும், குரோய்டனில் இருக்கும் உங்களுக்கு அதனால் பயன் ஒன்றுமில்லை.

உரிமத்தைச் சரிபார்க்கும்போது தளத்தின் அடியில் இருக்கும் சின்னத்தை நம்பாதீர்கள். படத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆணையத்தின் இணையதளத்துக்கு நீங்களே போய், பொதுப் பதிவேட்டில் அந்த உரிம எண்ணைத் தேடுங்கள். நிறுவனத்தின் பெயர், உரிமம் நடப்பில் இருக்கிறதா, இதற்குமுன் அபராதம் விதிக்கப்பட்டதா என்பவையெல்லாம் அங்கே தெரியும். அவற்றைவிட முக்கியமானது, அந்த நிறுவனத்துக்கு அனுமதிக்கப்பட்ட இணைய முகவரிகளின் பட்டியல். நீங்கள் திறந்து வைத்திருக்கும் முகவரி எழுத்துக்கு எழுத்து அங்கே இருக்க வேண்டும். உண்மையான நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் போட்டுக்கொண்டு நடக்கும் போலித் தளங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

உரிமம் இருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் அட்டையில் சூதாட 2020 ஏப்ரல் 14 முதல் தடை இருக்கிறது. கடன் அட்டையை வாங்கிக்கொள்ளும் கேசினோ உங்கள் முன் வந்தால் அது இங்கே உரிமம் பெற்றதல்ல என்று அப்போதே முடிவு செய்யலாம். எடுக்கக் கேட்ட பணத்தை ‘ரத்து செய்து மறுபடி ஆடு’ என்று தூண்டும் பொத்தானுக்கு 2021 அக்டோபர் முதல் இடமில்லை. படங்கள் சுழன்று நிற்கும் ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுழற்சிக்கு 5 பவுண்டுக்கு மேல் வைக்க முடியாது, 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2 பவுண்டுதான்; இவை இரண்டும் 2025இல் வந்தவை. அடையாள ஆவணங்களை முன்பே கேட்டிருக்கக்கூடிய நிலையில், பணம் எடுக்கும் நேரம் பார்த்துப் புதிதாகக் கேட்டு இழுத்தடிக்கவும் கூடாது. தகராறு வந்தால் நிறுவனத்திடம் முறையிட்டு எட்டு வாரத்தில் தீராவிட்டால், ஐபாஸ், ஈகோக்ரா போன்ற நடுவர் அமைப்பு ஒன்றிடம் கட்டணமின்றிப் போகலாம். ஆணையமே உங்கள் பணத்தை மீட்டுத் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்; அது உரிமதாரரைத் தண்டிக்கும், உங்களுக்காக வழக்காடாது.

கடைசியாக ஒன்று. உரிமம் என்பது நிறுவனம் திவாலாகாது என்ற உத்தரவாதமல்ல. ஃபுட்பால் இண்டெக்ஸ் என்ற பந்தயத் தளம் இதே ஆணையத்தின் உரிமத்தோடு இயங்கி, 2021 மார்ச்சில் முடங்கிப்போனது. ஏராளமான வாடிக்கையாளர்கள் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். நிறுவனம் மூழ்கினால் வாடிக்கையாளர் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லையா, நடுத்தரமா, உயர்ந்ததா என்பதை ஒவ்வொரு தளமும் தன் விதிமுறைகளில் சொல்லியாக வேண்டும். பல பெரிய பெயர்கள்கூட ‘பாதுகாப்பு இல்லை’ என்ற வகையில்தான் வரும். எனவே வென்ற பணத்தை அங்கேயே தூங்கவிடாமல் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

ஹாரோ பட்டறிவு எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதை நான் காசு கொடுத்துக் கற்றேன். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம், இப்போது அது வேறு பெயரில் நடக்கிறது என்று நினைக்கிறேன்) நூறு பவுண்டு போட்டு, ஒரே இரவில் ஆயிரத்து தொள்ளாயிரம் ஆக்கினேன். போடும்போது பெயரும் மின்னஞ்சலும் போதுமாயிருந்தன. எடுக்கக் கேட்டதும் கடவுச்சீட்டு கேட்டார்கள், கொடுத்தேன்; மின்கட்டண ரசீது கேட்டார்கள், கொடுத்தேன்; படத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள்; அட்டையைக் கையில் பிடித்தபடி முகம் தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மூன்று வாரம் இப்படியே போனது. முடிவில், போனஸில் கிடைத்த வெற்றிக்கு உச்சவரம்பு போட்ட பணத்தைப் போல ஐந்து மடங்கு மட்டுமே என்று விதிமுறையில் எங்கோ நாற்பதாவது பத்தியில் இருப்பதைக் காட்டினார்கள். நான் போனஸ் கேட்கவே இல்லை. பணம் போட்டவுடன் அது தானாகச் சேர்ந்திருந்தது. அந்த ஐந்நூறும் வந்து சேரவில்லை. அதைவிட இன்றைக்கும் என்னை உறுத்துவது, என் கடவுச்சீட்டின் படம் யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான்.

அந்தத் தளம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். அதற்கு முந்தைய ஆண்டு நான் கேம்ஸ்டாப் என்ற சுயதடைப் பதிவேட்டில் பதிந்து என்னை நானே ஓராண்டுக்குத் தடை செய்துகொண்டிருந்தேன். பிரிட்டன் உரிமம் பெற்ற எல்லாத் தளங்களும் அந்தத் தடையை மதிக்க வேண்டும். தடைக்காலம் முடியுமுன் கை பரபரத்து, ‘கேம்ஸ்டாப்பில் இல்லாத கேசினோ’ என்று தேடினேன். அந்தச் சொற்றொடரைப் போட்டுத் தேடுகிறவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று அந்தத் தளக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த வாசகம் எங்கே தென்பட்டாலும் பக்கத்தை மூடிவிடுங்கள்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

400 சதவீத போனஸைப் பற்றி யாரும் கணக்குப் போடவில்லையே என்று நான் வந்தேன். போனஸை எடுப்பதற்கு முன் அதை எத்தனை மடங்கு பந்தயமாக வைத்து உருட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். 50 பவுண்டு போனஸ், 40 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் 2000 பவுண்டுக்குப் பந்தயம் வைத்தாக வேண்டும். 96 சதவீதம் திருப்பித் தரும் ஸ்லாட் ஆட்டத்தில் ஒவ்வொரு நூறு பவுண்டு பந்தயத்துக்கும் சராசரியாக 4 பவுண்டு தளத்துக்குப் போகிறது. 2000 பவுண்டுக்கு அது 80 பவுண்டு. ஐம்பதைக் கொடுத்து எண்பதை வாங்கிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் இந்த மடங்கு பத்தைத் தாண்டக்கூடாது என்று ஆணையம் விதித்துவிட்டது. ஆகவே 35, 40 மடங்கு என்று எழுதியிருக்கும் தளத்தைக் கண்டால், உரிமத்தைத் தேடிப் பார்க்காமலேயே விடை தெரிந்துவிடும்.

ஆட்டம் நேர்மையானதா என்றும் கேட்டிருந்தீர்கள். நேர்மையான ஆட்டமும் உங்களுக்கு எதிராகத்தான் சாய்ந்திருக்கும், எவ்வளவு சாய்வு என்பதுதான் கேள்வி. ஒரு பூஜ்யம் உள்ள ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள். தளத்தின் பங்கு 2.7 சதவீதம். இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் 38 கட்டங்கள், பங்கு 5.26 சதவீதம், ஏறத்தாழ இரட்டிப்பு. நம் நண்பருக்கு ரூலெட்தான் பிடிக்கும் என்றால், சக்கரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து பூஜ்யங்களை எண்ணிவிட்டு உட்காருவது நல்லது.

ஸ்லாட்டில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே படமும் கொண்ட ஆட்டத்தைத் தயாரிப்பாளரே 96, 94, அதற்கும் கீழே என்று பல அளவுகளில் கொடுப்பதுண்டு. எதைப் போடுவது என்பதைத் தளம் தேர்ந்தெடுக்கிறது. எனவே வேறு எங்கோ படித்த சதவீதத்தை நம்பாமல், அந்தத் தளத்தில் அந்த ஆட்டத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வேகத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்குப் பத்துச் சுழற்சி, சுழற்சிக்கு ஒரு பவுண்டு, 96 சதவீதம் என்றால் ஒரு மணி நேரத்தின் சராசரி விலை 24 பவுண்டு. உங்கள் முப்பது பவுண்டு வரம்பு மாதத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். சுழற்சிக்குப் பத்து பென்ஸ் வைத்து ஆடினால் பன்னிரண்டரை மணி நேரம் தாங்கும்.

ஸ்கார்பரோ எழுதியது:

கனடாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. ஒன்ராறியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் தனியார் நிறுவனங்களுக்கு முறையான சந்தை திறந்திருக்கிறது. அந்தச் சந்தையை நடத்தும் அரசு அமைப்பான ஐகேமிங் ஒன்ராறியோவின் இணையதளத்தில் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைப் பார்க்கலாம். இங்கே வயது வரம்பு 19. மற்ற மாகாணங்களின் ஏற்பாடு வேறு. வன்கூவரில் இருக்கும் உறவினருக்கு எங்கள் பட்டியலை அனுப்பிப் பயனில்லை.

கோவை மாலை எழுதியது:

ஐயா, நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் பிரிட்டன் உரிமம் பெற்ற தளத்தில் இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டுக்கொண்டு ஆடினால் எனக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைக்குமா? இங்கே ரம்மி செயலிகள் எல்லாம் மூடிவிட்டன, டெலிகிராமில் வரும் தளங்களை நம்பப் பயமாக இருக்கிறது.

பழைய விதிப்புத்தகம் எழுதியது:

கோவை நண்பருக்கு: கிடைக்காது. பிரிட்டன் தளம் உங்கள் முகவரியையும் அடையாளத்தையும் சரிபார்க்கும், வி.பி.என். போட்டு ஏமாற்றியது தெரிந்தால் விதிமீறல் என்று கணக்கை முடக்கும், நடுவரிடம் போனாலும் உங்கள் பக்கம் நியாயம் நிற்காது. உங்கள் நாட்டிலோ, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாடின்றிப் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவரைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 2022ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆக, ‘இந்தியாவுக்கான பாதுகாப்பான கேசினோ’ என்று உங்களுக்கு ஒருவர் இணைப்பு அனுப்பினால், அது உங்கள் நாட்டில் இருக்கவே முடியாத ஒரு பொருள். டெலிகிராமில் வருவதோ இன்னும் மோசம். பணத்தைத் தனியாள் யு.பி.ஐ. கணக்குக்கோ கிரிப்டோவாகவோ அனுப்பச் சொல்வார்கள், போனால் திரும்பாது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

குரோய்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு நான் குறித்து வைத்திருந்த மூன்று தளங்களையும் பதிவேட்டில் தேடினேன். மால்டாவும் குராசோவும் அங்கே இல்லை. 400 சதவீத போனஸ் தருவதாகச் சொன்ன தளத்தின் அடியில் இருந்த எண்ணைப் போட்டபோது, நடப்பில் உள்ள உரிமம் ஒன்று வந்தது, ஒரு கணம் மகிழ்ந்துவிட்டேன். பிறகு முகவரிப் பட்டியலைப் பார்த்தால் அது முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் உரிமம்; நான் திறந்து வைத்திருந்த முகவரி அதில் இல்லவே இல்லை. ஆணையத்தின் தளத்திலேயே புகார்ப் படிவம் இருந்தது, இரண்டு பக்கங்களின் படத்தையும் இணைத்து அனுப்பிவிட்டேன்.

பிறகு பதிவேட்டில் இருந்தே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். முதல் பணத்தைப் போடுமுன்பே வரம்பு வைக்கிறீர்களா என்று அதுவே கேட்டது; மாதம் முப்பது என்று வைத்தேன். ரூலெட் பக்கத்தில் இரண்டு சக்கரங்கள் இருந்தன, முதலில் கண்ணில் படும்படி வைத்திருந்தது இரண்டு பூஜ்யம் உள்ளது. வாத்தியாரை நினைத்துக்கொண்டு கீழே போய் மற்றதைத் தேடினேன்.