ராத்திரி நங்கூரம் போட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது, காலையில் செல்ஃப் எடுப்பதில்லை

காசிமேட்டுத் தம்பி:
அண்ணன்மாரே, ஒரு உதவி. சின்ன விசைப்படகு, 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி ஒன்றுதான். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் தடைக்காலம், படகு சும்மாவே கிடந்தது. அப்புறம் கடலுக்குப் போனதிலிருந்து இரண்டு முறை மாட்டிக்கொண்டோம். இன்ஜினை நிறுத்திவிட்டுப் படுத்தால், விடியலில் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பழைய பேட்டரி செத்துவிட்டது என்று புதிதாக வாங்கிப் போட்டேன். அதே கதை. இப்போது டைனமோவையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

பழைய கப்பல் எலக்ட்ரீஷியன்:
டைனமோவைத் தொடாதே தம்பி. ராத்திரி என்னென்ன எரிகிறது? இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட்?

காசிமேட்டுத் தம்பி:
50 வாட் ஹாலஜன் இரண்டு, நங்கூர விளக்கு, ஜிபிஎஸ், வயர்லெஸ். பேட்டரியில் 13.2 காட்டுகிறது. காலையில் 11.9.

பழைய கப்பல் எலக்ட்ரீஷியன்:
13.2 போதாது, 14-க்கு மேல் வரவேண்டும். புது பேட்டரியும் அரைகுறையாகத்தான் ஏறுகிறது. செலவைப் பார்: ஹாலஜன் இரண்டுக்கு மட்டும் 8 ஆம்பியர், எட்டு மணி நேரத்தில் 64 ஏஎச். 150-ல் பாதிக்கு மேல் எடுத்தால் லெட்-ஆசிட் பேட்டரிக்கு ஆயுசு குறையும்.

இன்ஜின் ஓடட்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை டைனமோவின் பிளஸ் போல்ட்டிலும் மற்றதை பேட்டரி பிளஸ்ஸிலும் வை. அப்புறம் டைனமோ உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் அதே மாதிரி. பெல்ட் பக்கம் கையைக் கொண்டுபோகாதே.

காசிமேட்டுத் தம்பி:
பிளஸ் பக்கம் 0.2. மைனஸ் பக்கம் 0.9!

பழைய கப்பல் எலக்ட்ரீஷியன்:
கள்ளன் அகப்பட்டான். மைனஸ் பக்க வழியிலேயே 0.9 வோல்ட் வீணாகிறது. எர்த் வயரைக் கழற்றிப் பார்.

காசிமேட்டுத் தம்பி:
இன்ஜின் அடியில் எர்த் லக்கு (வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. வயரை அரை அடி வெட்டினேன், உள்ளேயும் செம்பு கறுப்புதான். புது வயர், புது லக்கு போட்டு, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, மேலே வாசலின் தடவினேன். இப்போது பேட்டரியில் 14.1! பேட்டரி வாங்கின காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ராயபுரத்து அண்ணன்:
பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதே. நன்றாகச் சார்ஜ் ஏற்றி ஒரு நாள் வைத்துப் பார். 12.6 நின்றால் விளக்குக்கு அது, செல்ஃபுக்குப் புதுசு என்று பிரித்துவிடு, நடுவில் ஒரு சுவிட்ச். ஹாலஜனை எடுத்துவிட்டு எல்இடி போடு.

காசிமேட்டுத் தம்பி:
சரிண்ணே. பழைய பேட்டரி இன்னும் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கிறது.