வாய்மொழிப் பாட்டத்தில் ஏத்தன் வாழை: காப்பீட்டுக்கு வழி உண்டா?

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் 50 சென்ட் வயலைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்து ஏத்தன் (நேந்திரன்) வாழை வைக்கிறேன். ஐந்து வருஷமாக வாய்ப்பேச்சுதான், எழுத்து எதுவும் கிடையாது.

போன வருஷம் மாசிக் கடைசியில் 500 கன்று நட்டேன். கன்று, கூலி, உரம், ஊன்றுகம்பு என்று மூடு (வாழை மரம்) ஒன்றுக்கு 190 ரூபாய் மண்ணில் போட்டாயிற்று, பாட்டம் தனி. கார்த்திகையில் ஒரே ராத்திரி காற்று. விடிந்து போய்ப் பார்த்தால் 180 மூடு இடுப்பளவில் முறிந்து கிடக்கிறது. குலையெல்லாம் முக்கால் விளைச்சல். கம்பு கொடுத்திருந்த மூடும் கம்போடு சாய்ந்துவிட்டது. வியாபாரி கிலோ 8 ரூபாய்க்கு எடுத்தார், அதுவும் முகம் சுளித்து. 2017 ஒக்கிப் புயலுக்கு அப்புறம் இனி வாழையே வேண்டாம் என்று சொன்னவன்தான் நான்!

பயிர்க்காப்பீட்டில் விவசாயி பங்கு 5 சதவீதம் என்றாலும் கட்டத் தயார். இ-சேவை மையத்தில் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு) கேட்டார்கள். அதற்குப் போனால், நிலத்துக்காரர் சம்மதக் கடிதம் வேண்டுமாம். அவர் மஸ்கட்டில். எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் குத்தகை உரிமை கேட்டு வழக்குக்குப் போவேனோ என்று பயம். போன் போட்டால் "நமக்குள்ள எதுக்கு மக்களே பேப்பரு?" என்கிறார். கூட்டுறவுக் கடனும் அதே அடங்கலில் நின்றது. வீட்டு நகை ஏற்கெனவே அடகில்.

இந்த வருஷக் கன்றுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, பங்குனி முதல் வாரம் நடவு.

நம் மாவட்டத்தில் வாய்மொழிப் பாட்டத்தில் இருந்துகொண்டே வாழைக்குக் காப்பீடு எடுத்தவர்கள் யாராவது இருந்தால், நிலத்துக்காரர் பயப்படாமல் கையெழுத்துப் போடும்படி கடிதத்தை எப்படி எழுதினீர்கள்?